பெட்டியடியில் ஒரு கைப்பிடி

மாத்தளை
1936 அக்டோபர் 11

பாப்பம்மாளுக்கு,

இடது காலைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் சுகம். நாக்கு முன்னைவிடச் சுகம் என்று அக்கா ராசம்மா சொல்கிறாள். நாட்டு வைத்தியர் வெதமாத்தையா என் காலை இரண்டு மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே வைத்து, பச்சிலை அரைத்துப் பூசிக் கட்டிவிட்டு, இரண்டு மாதத்துக்கு அசையக்கூடாது என்று சொல்லிப் போய்விட்டார். அக்காள் வீட்டுப் பின்னறையில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறேன். கோழிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

சாமான் அறையில் எலியைத் துரத்தும்போது முக்காலியிலிருந்து விழுந்தேன் என்று துரை பங்களா முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீயும் அதையே சொல். எலி தரையில் ஓடும்போது நான் ஏன் மேல்தட்டுக்கு ஏறினேன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. மேல்தட்டில்தான் துரையின் பிராந்திப் போத்தல் இருக்கிறது என்பதும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

சாமான் அறைச் சாவியை வலியில் உன் கையில் திணித்துவிட்டேன். அது வைத்திருக்கத்தான். திறந்தே தீரவேண்டும் என்றால் வாசலுக்கு நேரே இருக்கும் டின்களோடு நின்றுகொள். மூலையில் இருக்கிற மாப்பெட்டியையும் அரிசிப்பெட்டியையும் அடிவரைக்கும் வழிக்காதே. பழையதில் ஒரு கைப்பிடியாவது அடியில் கிடக்கவேண்டும். வெறும் பெட்டியில் லட்சுமி தங்கமாட்டாள் என்பது உனக்கும் தெரியும். துரை ஒண்டிக்கட்டையாக இருந்த காலத்திலிருந்து, பதினொரு வருசமாக, அந்தக் கைப்பிடிக்கு மேலேதான் புது மூட்டையைக் கொட்டிவருகிறேன். நமக்கு அந்தப் பங்களாவில் இன்னும் சோறு கிடைப்பது அதனால்தான்.

எனக்குப் பதிலாக யார் சமைக்கிறார்கள்? துரை சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறாரா? ஒளிக்காமல் எழுது. கேட்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். தாங்கிக்கொள்வேன்.

பொன்னையா


பாறையடித் தோட்டம், இரத்தோட்டை
அக்டோபர் 18

வீட்டுக்காரருக்குப் பாப்பம்மா எழுதுவது.

காலுக்கு எண்ணெய் விடாமல் போடவும். அக்காவிடம் கோபப்படவேண்டாம்.

நான்தான் சமைக்கிறேன். நீங்கள் விழுந்த மறுநாள் துரைசாணி குசினிக்கு வந்து, நீ செய்வாயா என்று கேட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டும் சட்டி துலக்கிக்கொண்டும் இத்தனை வருசம் உங்கள் பக்கத்தில்தானே நின்றேன். செய்வேன் என்றேன். துரை தட்டைத் தள்ளவில்லை. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புதன்கிழமை ஒன்று நடந்தது. ரொட்டிக்கு மா எடுக்கச் சாமான் அறையைத் திறந்தேன். துரைசாணியும் கூடவே வந்துவிட்டார். மாவை அள்ளி வெள்ளைத் துணியில் கொட்டினேன். கொட்டிய மா தானாக அசைந்தது. பழுப்பு வண்டுகள் நாலு பக்கமும் ஓடின. அரிசிப்பெட்டியைத் திறந்தால் அதிலும் மூக்கு நீண்ட வண்டு. பருப்பில் நூல் கட்டியிருந்தது. சீனி டின்னில் எறும்பு. சோஸ் போத்தல்களுக்குப் பின்னால் கரப்பான் குடும்பத்தோடு இருந்தது.

துரைசாணி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, போன கிறிஸ்மஸ், அந்த நத்தார் விருந்தில் புடிங்குக்குள் கிடந்ததும் இதுதானா என்று தன் அரைத் தமிழில் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. வருகிற நத்தாருக்குள் அறை சுத்தமாக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன செய்ய என்று எழுதவும்.

பாப்பம்மா


மாத்தளை
அக்டோபர் 23

பாப்பம்மாளுக்கு,

இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார் என்று எழுதியிருக்கிறாய். பசியாக இருந்திருக்கும். மழையில் நாலு மலை ஏறி இறங்கி வருகிற மனுசன் எதைப் போட்டாலும் சாப்பிடத்தான் செய்வார். அதைப் போய்ப் பெரிதாக எழுதாதே. என்ன கறி என்று நீ எழுதவில்லை. எழுது. இல்லை, வேண்டாம்.

வண்டு விசயத்துக்கு வருவோம். அந்த அறையில் வண்டு இருப்பது எனக்குத் தெரியாதா? நானும் அதுகளும் பழகிப்போனவர்கள். விடியற்காலையில் யாரும் எழும்புமுன் ஒரு சலி சலித்துவிடுவேன். தப்பிக்கிறதுகளுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே. துரை ஊரெல்லாம் பெருமையடிக்கிறாரே, என்னுடைய சீமைச்சீரகக் கேக், அது எப்படிப் பிறந்தது என்று நினைக்கிறாய்? ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு கேக்கில் பத்துப் பதினைந்து கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. துரை என்ன இது என்று கேட்டார். சீரகம் என்றேன். நல்லாயிருக்கிறது, இனி வாரந்தோறும் செய் என்றார். மறுவாரம் நிஜமான சீரகத்தையும் கொஞ்சம் போட்டேன். அதிலிருந்து எது எது என்று எனக்கே தெரியாது. போன நத்தாருக்குப் புடிங்கிலும் சீரகம்தான் என்றேன், விதி சரியில்லை. துரைசாணியின் விருந்தாளி ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பிடுகிற ஆள். சீரகத்துக்குக் காலும் இருக்குமா என்று கேட்டுவிட்டார்.

ஆகவே நீ ஒன்றும் செய்யவேண்டாம். கடைக்காரன் பழைய மூட்டையை ஏமாற்றிக் கொடுத்துவிட்டான் என்று துரைசாணியிடம் சொல். நான் பதினொரு வருசமாகச் சொல்லி வருவது அதுதான், இப்போது மாற்றிச் சொன்னால் என்னைப் பொய்யன் என்று நினைப்பார்கள். பெட்டிகளைத் தொடாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோகிற லொறிக்காரர் பதுர்தீன் வியாழக்கிழமை உன் கடிதத்தைக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். உட்கார்ந்து, “அண்ணே, குசினியில தேத்தண்ணி குடிச்சேன். ஒங்க வீட்டம்மா கை நல்ல ருசியுள்ள கைங்க” என்றார். அந்தக் குசினியில் நானும் அவருக்கு வருசக்கணக்காகத் தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறேன். என் கையைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பொன்னையா


பாறையடித் தோட்டம்
நவம்பர் 2

வீட்டுக்காரருக்கு,

நீங்கள் எழுதியபடி நான் செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடையிலிருந்து வந்து பிரிக்காமல் கிடந்த மூட்டை ஒன்றைப் பிரித்து, துணியில் கொட்டிப் பார்த்தேன். ஒரு வண்டுகூட இல்லை. பிறகு மாப்பெட்டியை முழுக்கக் காலி செய்தேன். அடியில் நீங்கள் சொன்ன கைப்பிடி இருந்தது. மாப் போலவே இல்லை. சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக, நூலும் கூடுமாக, கெட்ட எண்ணெய் வாசத்தோடு இருந்தது. எவ்வளவு நல்ல மூட்டை வந்தாலும் இதன் மேலேதானே கொட்டியிருக்கிறோம். அரிசிப்பெட்டியிலும் அப்படியே. கடைக்காரர் பாவம். பூச்சிக்கு விதை வைத்து வளர்த்தது நாம்தான்.

இரண்டு கைப்பிடியையும் அடுப்பில் போட்டேன். போடுமுன் கும்பிட்டேன்.

பெட்டிகளைக் கொதிதண்ணீர் விட்டுத் தேய்த்து அடுப்படியில் காயவைத்தேன். இடுக்குகளில் இருந்ததை ஊசியால் நோண்டி எடுத்தேன். வண்டு விழுந்த மாவைக் கோழிக்குப் போட்டேன். அரிசியை மட்டும் காப்பாற்றலாம் என்று பட்டது. ஆனால் பதினேழு நாளாக இங்கே வெயில் இல்லை. ஃபாக்டரிக்குப் போய் டீமேக்கர் வீரசிங்கம் ஐயாவைக் கேட்டேன். தேயிலை காயவைத்து முடிந்து மெஷின் ஆறுகிற நேரத்தில், அதன் முன்னால் தட்டுகளில் அரிசியைப் பரப்பிக்கொள்ளச் சொன்னார். சூடு பட்டதும் வண்டுகள் வரிசையாக இறங்கி ஓடின. மூன்று நாள் அப்படிச் செய்து புடைத்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய புதுத் தேயிலைப் பெட்டியில் போட்டு மூடினேன். துணியில் கராம்பும் செத்தல் மிளகாயும் முடிந்து உள்ளே வைத்திருக்கிறேன். அலுமாரிக் கால் நாலையும் பால் டின்களுக்குள் நிறுத்தி, தண்ணீர் விட்டு, மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டேன். எறும்பு கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறது.

சோற்றில் லேசாகத் தேயிலை வாசம் வருகிறது. துரை மோந்து பார்த்துவிட்டு நல்லாயிருக்கிறது என்றார். துரைசாணி எனக்கு வெள்ளைத் துணியில் ஏப்ரன் தைத்துக் கொடுத்தார்.

பாப்பம்மா


மாத்தளை
நவம்பர் 8

பாப்பம்மா,

யாரைக் கேட்டுக்கொண்டு அடுப்பில் போட்டாய்?

கும்பிட்டுவிட்டுப் போட்டாளாம். வீட்டைக் கொளுத்துகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தானாம். உன் கடிதம் வந்த அன்றைக்கே, அசையாமல் கிடக்கமாட்டாமல் எழுந்தபோது, என் ஊன்றுகோல் வழுக்கி அக்காளின் மிளகாய்ச் சட்டியில் உட்கார்ந்தேன். லட்சுமி கிளம்பிவிட்டாள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? எங்கே உட்கார்ந்தேன் என்பதை வெதமாத்தையாவிடமும் சொல்ல முடியவில்லை.

அது போகட்டும். வீரசிங்கம் ஐயாவிடம் வருகிறேன். ஒரு கரண்டி தேயிலைத்தூள் கேட்டு அந்த ஃபாக்டரி வாசலில் நான் நின்றிருக்கிறேன். “உதென்ன உன்ர கொப்பற்ற ஃபாக்டரியோ” என்று தன் யாழ்ப்பாணத்துப் பேச்சில் என் அப்பனை இழுத்துக் கேட்டு, எல்லாருக்கும் முன்னால் அனுப்பிவைத்த ஆள் அவர். அவர் சிரித்து அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் உனக்கு மெஷினைத் திறந்து விட்டிருக்கிறார், அதுவும் மூன்று நாள். அவருடைய சம்சாரம் ஊரில் இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். நான் சந்தேகப்படுகிறவன் இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். முதல் நாள் ஒரு தட்டு, இரண்டாம் நாள் ஒரு தட்டு என்றால் சரி. மூன்று நாளும் அங்கே நின்று என்ன பேசினீர்கள்? வண்டைப் பற்றியே மூன்று நாள் பேச முடியுமா?

அக்காளின் கண்ணாடியை வாங்கி என் முகத்தைப் பார்த்தேன். ஐம்பது வயது, நரைத்த தாடி, முன்பல்லில் ஒன்று இல்லை, ஒரு கால் மூங்கிலோடு. நானே டீமேக்கரைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

ஏப்ரன் ஒன்று. பதினொரு வருசம் நான் கட்டியிருந்த சாரத்தில் கை துடைத்தேன். யாருக்கும் அது கண்ணில் படவில்லை. அது என்ன வெள்ளை, முழு வெள்ளையா, ஓரத்தில் பூ ஏதும் போட்டிருக்கிறதா?

பங்களாக் கோக்கி, சமையல்காரன், நான்தான். அதை நீ மறந்தாலும் அந்த அடுப்பு மறக்காது.

பொன்னையா


பாறையடித் தோட்டம்
நவம்பர் 18

வீட்டுக்காரருக்கு,

டீமேக்கர் ஐயாவுக்கு வயிற்றுப் புண். உறைப்பில்லாமல் கொஞ்சம் ரசம் வைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். வைத்துக் கொடுத்தேன். அதற்குத்தான் மெஷின். மூன்று நாளும் அவர் தன் வயிற்றைப் பற்றியே பேசினார். உங்களுக்கு அது நிம்மதி என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கால் உடைந்தபோது இரண்டு கைப்பிடியும் பெட்டியடியில்தான் இருந்தன. லட்சுமியும் அந்த அறையில்தான் இருந்தாள். அதை யோசிக்கவும்.

ஒன்றைச் சொல்லவேண்டும் என்று பல வருசமாக இருந்தது. பேசும்போது நீங்கள் சிரிப்புக் காட்டி மாற்றிவிடுவீர்கள். எழுத்தில் அப்படிச் செய்ய முடியாது. பதினொரு வருசமாக அந்த அறை வாசலில் சுளகை ஏந்திக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு கால் வைக்க நீங்கள் விட்டதில்லை. பொம்பளை போனால் சாமான் விளங்காது என்றீர்கள். நானும் நம்பினேன். இப்போது உள்ளே போய்ப் பார்த்த பிறகு தெரிகிறது, நான் பார்த்துவிடுவேன் என்ற பயம்தான் அது. அன்றைக்கே என்னை விட்டிருந்தால் உங்களுக்குப் போன நத்தாரில் அந்தத் தலைகுனிவு வந்திருக்காது.

நத்தார் விருந்துக்குப் பதினாலு பேர் வருகிறார்கள். அந்தக் கண்ணாடிக் கிழவரும் வருகிறார். கேக்கும் புடிங்கும் நான்தான் செய்யவேண்டும் என்று துரைசாணி சொல்லிவிட்டார். விருந்து நல்லபடியாக முடிந்தால் என்னையே நிரந்தரமாகக் கோக்கியாக வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரனில் பூ இல்லை.

பாப்பம்மா


மாத்தளை
டிசம்பர் 2

என் கண்ணான பாப்பம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து மனம் குளிர்ந்தது. நீ எழுதியதெல்லாம் நியாயம். வாசலில் நிற்க வைத்தது என் தப்பு. நீ முன்னுக்கு வருவதைப் பார்த்து முதலில் சந்தோசப்படுகிறவன் நான்தானே.

உன் நத்தார் கேக்குக்கு என்னாலான உதவியாக ஒரு மூட்டை கோதுமை மா அனுப்புகிறேன். மாத்தளையிலேயே இதைப்போல் மா கிடையாது. வெண்ணெய் போல இருக்கும். இந்தக் கடிதத்தோடு பதுர்தீன் லொறியிலேயே வரும். வந்தவுடன் பெட்டியில் கொட்டிவிடு. சலிக்கத் தேவையில்லை. சலித்தால் இதன் மென்மை போய்விடும்.

கால் பரவாயில்லை. உன் நினைவாகவே இருக்கிறேன்.

உன்
பொன்னையா


பாறையடித் தோட்டம்
டிசம்பர் 3, வியாழன்

வீட்டுக்காரருக்கு,

கீழே இருப்பதை நேற்றே எழுதி வைத்தேன். இப்போது பதுர்தீன் முற்றத்தில் சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஒரு மூட்டையும் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பியிருப்பதாகச் சொன்னார். இன்னும் பிரிக்கவில்லை. லொறி திரும்பிவிடும் என்பதால் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன் என்று பிறகு பட்டது. படுத்துக் கிடக்கிற மனுசனுக்கு அப்படி எழுதியிருக்கக்கூடாது.

திங்கட்கிழமை துரைசாணியிடம் போய், விருந்து எப்படி முடிந்தாலும் கோக்கி வேலை உங்களுக்குத்தான், நீங்கள் வரும்வரைக்கும் பார்த்துக்கொள்கிறவள்தான் நான் என்று சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் கேட்டதற்காகச் சரி என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். விருந்தில் போன வருசத்தைப் போல ஒரே ஒரு பூச்சி தென்பட்டாலும் கொழும்பிலிருந்து வேறு கோக்கியைக் கூப்பிடுவாராம். அப்படியானால் பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற நம்முடைய அறையையும் விடவேண்டியிருக்கும்.

அதனால் ஒவ்வொரு நாளும் சாமான் அறையை இரண்டு தரம் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. நீங்கள் கவலைப்படாமல் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை உங்களுக்குக் காத்திருக்கிறது.

பாப்பம்மா


மாத்தளை
டிசம்பர் 4, வெள்ளி

பாப்பம்மா,

அந்த மூட்டையைப் பெட்டியில் கொட்டாதே. பிரிக்கவும் வேண்டாம். பிரித்திருந்தால் அந்த அறையை விட்டு வெளியே எடுத்து எரித்துவிடு. மிச்சத்தைப் பிறகு படி.

உன் கடிதம் நேற்றுப் பொழுது சாயும்போது வந்தது. படித்துக்கொண்டே எழுந்து நின்றேன் போலிருக்கிறது, அக்காள்தான் பிடித்து உட்காரவைத்தாள். இரண்டு ஊன்றுகோலோடு பதுர்தீனைத் துரத்தித் தெருவில் பாதி தூரம் போனேன். இன்னொரு தரம் தோட்டத்துக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினேன். “அடுத்த வியாழன்தான் அண்ணே” என்று சொல்லிவிட்டார். தந்தி அடிக்கலாமென்று பார்த்தால், தந்தி பங்களாவுக்கு வந்தால் முதலில் படிக்கிறவர் துரை. அதில் என்ன எழுதுவேன்? இந்தக் கடிதம் இன்றைய தபாலில் போகிறது. உன் கைக்கு எப்போது கிடைக்கும் என்று அக்காளை மூன்று தரம் கேட்டுவிட்டேன்.

அது மாத்தளையிலேயே இல்லாத மா என்று எழுதினேன். அது மட்டும் உண்மை. அக்காள் கோழிக்காகப் பின்னறையில் போட்டுவைத்திருந்த ஆவணி மாதத்து மூட்டை அது. காது வைத்தால் உள்ளே நடமாட்டம் கேட்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரைசாணி உன்னையே கோக்கியாக வைத்துக்கொள்வார் என்று நீ எழுதினாயே, அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் மாவிலும் நாலு வண்டு நடக்கட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். பொன்னையா இருந்தபோதும் இப்படித்தான், பாப்பம்மா வந்தும் இப்படித்தான் என்று அவர்கள் பேசவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

டீமேக்கர் மேல் எரிச்சல் போல எழுதினேன். அது சும்மா. பதுர்தீன் மேலும் இல்லை. துரை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார் என்று நீ எழுதிய நாளிலிருந்து எனக்கு உன் மேல்தான் பொறாமை. சொந்தப் பெண்சாதி மேல் பொறாமைப்படுகிற ஆம்பளையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நான் பார்த்துவிட்டேன். அக்காளின் கண்ணாடியில்.

நீ அங்கே எனக்காகப் பேசிய அதே வாரத்தில் நான் இங்கே உட்கார்ந்து மூட்டை கட்டியிருக்கிறேன். ஒரு வரி பதில் போடு.

பொன்னையா


மாத்தளை
டிசம்பர் 15

பாப்பம்மா,

பதில் இல்லை. போன வியாழன் பதுர்தீனிடம் கேட்டால், வீட்டம்மா நல்லாத்தான் இருக்காங்க, கடிதம் ஒன்றும் தரவில்லை என்கிறார். மூட்டை என்ன ஆயிற்று என்று கேட்டால் எந்த மூட்டை என்கிறார்.

திட்டியாவது எழுது.

பொன்னையா


பாறையடித் தோட்டம்
டிசம்பர் 27

வீட்டுக்காரருக்கு,

விருந்து முடியும்வரை எழுதக்கூடாது என்று இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

அந்த மூட்டை சாமான் அறை வாசலையே தாண்டவில்லை. உங்கள் கடிதத்தை முற்றத்தில் நின்றே பிரித்தேன். “என் கண்ணான” என்று ஆரம்பித்திருந்தது. என்னைக் கட்டிய இருபத்திரண்டு வருசத்தில் நீங்கள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உடனே மூட்டையைக் கோழிக்கூண்டுப் பக்கம் போடச் சொன்னேன். பிறகு சலிக்கத் தேவையில்லை என்ற இடத்துக்கு வந்தேன்.

மத்தியானம் போய் அவிழ்த்துப் பார்த்தேன். மேலே நல்ல மா இருந்தது. அதற்குக் கீழே மற்றது. கெட்டதைக் கெட்டதாகவே அனுப்பியிருந்தால் சிரித்துவிட்டுக் கோழிக்குப் போட்டிருப்பேன். மேலே நல்ல மாவை அள்ளிப் பரப்பி, கையால் தடவிச் சமப்படுத்தி வைத்திருந்தீர்கள். விரல் தடம்கூடத் தெரிந்தது. அதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அவ்வளவு நேரமும் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் மற்றக் கடிதம் அந்த வாரச் சனிக்கிழமையே வந்தது. அது வராமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

விருந்தில் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விசேசம். பதினாலு பேரும் சாப்பிட்டார்கள். கண்ணாடிக் கிழவர் புடிங்கை முள்ளுக்கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தார். ஒரு முந்திரிகை வத்தலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கடைசியில் முழுவதையும் சாப்பிட்டார். துரை புடிங்கை மூன்று தரம் கேட்டு வாங்கினார். துரைசாணி குசினிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேற்றுத் துரைசாணியிடம் போய், முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. ஆகவே இனி இந்தப் பங்களாவில் கோக்கி நான். அப்படியென்றால் பொன்னையா என்ற கேள்வி வந்தது. இறைச்சி வாட்டுவதில் அவருக்கு நிகராக என் கை வராது, அடுப்பில் அவரும் இருக்கட்டும் என்றேன். சம்மதித்தார்.

சாமான் அறை என் பொறுப்பு. சாவி என் இடுப்பில் இருக்கும். அதைக் கேட்கக்கூடாது, அதைப் பற்றிக் கேலியும் பேசக்கூடாது. அறையில் எதையும் நீங்கள் தொடவேண்டாம். இது ஒத்துவருமானால் வியாழக்கிழமை லொறியில் வாருங்கள். இல்லையென்றால் அக்காள் வீட்டிலேயே இருங்கள். நான் கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பாப்பம்மா


மாத்தளை
1937 ஜனவரி 3

பாப்பம்மாளுக்கு,

வருகிறேன். வியாழக்கிழமை. பதுர்தீனிடம் சொல்லிவிட்டேன். மூங்கிலை அவிழ்த்துவிட்டார்கள், கால் கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் அடுப்படிவரைக்கும் போகும்.

சாவியைக் கேட்கமாட்டேன். கேலி பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். முயற்சி செய்கிறேன். அக்காளிடம் மட்டும், காலுக்கு முடியவில்லை என்று நானாகவே வேலையை உனக்கு விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. உன்னிடம் கேட்டால் ஆமாம் என்று சொல்லு, இல்லை என்றும் சொல்லு, உன் இஷ்டம்.

மூட்டையைப் பற்றி ஒன்றும் எழுதத் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் என் விரல்தான் கண்ணில் படுகிறது. எழுதுகிற விரலும் அதேதான்.

மூன்று தரம் என்று எழுதியிருக்கிறாய். நன்றாக யோசித்துப் பார்த்தேன். இந்தப் பதினொரு வருசத்தில் என் புடிங்கைத் துரை இரண்டாம் தரம்கூடக் கேட்டதில்லை. எரிகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதை எப்படிச் செய்தாய் என்று எனக்குச் சொல்லிக்கொடு. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லு, நான் கவனமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பொன்னையா